ஸ்கேனுக்கு முன்னால் கை

விரைவீக்கம் என்று வருகிறவரை நிற்கவைத்துத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்கள் குறைந்துவிட்டார்கள். வேட்டியைத் தளர்த்தச் சொல்வதற்கு முன்பே ஸ்கேன் சீட்டு தயார். ரிப்போர்ட்டில் ‘லேசான நீர்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்த ஆளுக்குத் தூக்கம் போய்விடும். லேசான நீர் எல்லாருக்கும் உண்டு.

நான் ஓய்வு பெற்ற பிறகும் தேடி வருகிறவர்களில் பலருக்கு நோயே இல்லை. இடது விரை தாழ்ந்திருக்கிறதாம். பெரும்பாலான ஆண்களுக்கு அப்படித்தான். மொட்டின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னப் பருக்கள்; அது பால்வினை நோயல்ல, மருந்தும் வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளையின் முன்தோலை இழுத்துப் புண்ணாக்கிக் கொண்டுவருகிறார்கள். அது தானாகப் பிரியும் என்று குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் 1949இலேயே எழுதிவிட்டார். ஐம்பது வயதில் புதிதாக இறுகினால்தான் யோசிக்க வேண்டும். முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்த சீஃப் வார்டில் கேட்கும் முதல் கேள்வி, “மேலே போக முடியுதா?” வீக்கத்துக்கு மேலே விரல்கள் கூடி விந்துநாண் தனியாகப் பிடிபட்டால் வீக்கம் பைக்குள்ளேயே உண்டானது. பிடிபடாவிட்டால் குடலிறக்கம். இதற்குப் பதில் சொல்லாமல், நீரா என்று பார்க்க டார்ச்சை எடுத்தவன் அன்று வார்டில் நிற்க முடியாது. அடுத்து, “படுக்க வை.” நிற்கும்போது புழுப்பைபோல் நெளிகிற சிரைகள் படுத்தால் வடிய வேண்டும். இடப்பக்கச் சிரை சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகச் சேர்வதால் அந்தப் பக்கம்தான் இது அதிகம். வலப்பக்கம் மட்டும் திடீரென்று வந்தாலோ, படுத்தும் வடியாவிட்டாலோ கை வயிற்றுக்குப் போக வேண்டும். சிறுநீரகத்தில் கட்டி இருக்கலாம். இவ்வளவும் இரண்டு நிமிட வேலை.

என்னால் பொறுக்க முடியாதது விரைமுறுக்கு விஷயம். பள்ளிக்கூடப் பையன் அடிவயிறு வலி, வாந்தி என்று வருவான். வெட்கத்தில் கீழே வலிப்பதைச் சொல்லமாட்டான். பார்த்தால் விரை மேலேறிக் குறுக்காகக் கிடக்கும். தொடையின் உட்புறத்தை வருடினாலும் அசையாது. ஆறு மணி நேரத்துக்குள் திறந்து முறுக்கை அவிழ்த்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்த நேரத்தை டாப்ளர் ஸ்கேன் வரிசையில் உட்காரவைத்துத் தின்றுவிட்டு அனுப்புகிறார்கள்.

ஸ்கேனுக்கு நான் விரோதியல்ல. 15இலிருந்து 40 வயதுக்குள் இருப்பவருக்கு, வலியே இல்லாமல் விரையில் கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்பட்டால், தள்ளிப்போடாமல் ஸ்கேன், ரத்தத்தில் ஏஎஃப்பி, ஹெச்சிஜி எல்லாம் பார்த்தாக வேண்டும். கட்டி விரையிலா, அதன் பின்னால் இருக்கும் எபிடிடிமிஸிலா என்பதை முதலில் விரல் சொல்லட்டும்.

சீஃப் கேட்ட கேள்வியை இன்றைய மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மூச்சுவிடாமல் பதில் ஒப்பிப்பார்கள். கையுறை மாட்டத்தான் ஆள் இல்லை.