உப்புத் தின்ற கார்

"அண்ணை, 90,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கு. உள்ளுக்கை பாருங்கோ, புதுசு மாதிரி." ஸ்காபரோவில் கார்த்திகை மாதத்து மாலை, ஐந்து மணிக்கே இருட்டு. விற்கிறவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சீற் மினுங்கியது. நான் உள்ளே ஏறவில்லை. நிலத்தில் ஒரு காட்போட் மட்டையைப் போட்டு, ரோச்சோடு காருக்குக் கீழே புகுந்தேன்.

கராஜ் வேலையில் இருபது வருடம் போய்விட்டது. பழைய கார் பார்க்க என்னைக் கூட்டிப்போகிற எல்லாரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். எஞ்சின் பழுதானால் வேறொன்று போடலாம். அடித்தகடு போனால் கார் போனதுதான். ஒன்ராறியோ வீதிகளில் குளிர்காலம் முழுக்க உப்புக் கொட்டுகிறார்கள். பனி உருகி, அந்த உப்புத்தண்ணி சில்லில் தெறித்து அடிவயிற்றில் ஒட்டும். பருத்தித்துறையில் உப்புக்காற்று யன்னல் கம்பியைத் தின்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதினமில்லை. சூடேற்றின கராஜில் விட்ட கார் தப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கடுங்குளிரில் துரு மெதுவாகத்தான் ஏறும், சூடு பட்டால் வேகம் பிடிக்கும். அதனால் வருடாவருடம் அடியில் எண்ணெய் அடித்த 2,00,000 கிலோமீற்றர் கார் கிடைத்தால், மினுங்குகிற 90,000ஐ நான் திரும்பியும் பாரேன்.

கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகட்டை ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு 'டங்' என்னும். உளுத்தது 'பொத்' என்னும். காந்தம் ஒட்டாத இடத்தில் பூச்சு வைத்து அடைத்திருக்கிறார்கள். விற்பதற்கு முதல்நாள் அடித்ததுபோல் அடிப்பக்கம் கரிய பெயின்ற் பளபளத்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

அதற்குப் பிறகு பிறேக் பைப். முன்னுக்கிருந்து பின்னுக்கு ஓடுகிற, பென்சிலைவிட மெல்லிய இரும்புக் குழாய். என் முதல் காரை நிறம் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு தை மாதக் காலை, சிவப்பு விளக்குக்கு முன்னால் மிதித்தேன். பெடல் நிலம்வரை போனது. பின்பக்கத்துப் பைப் துருவேறி வெடித்திருந்தது. பிறேக் இரண்டு பிரிவாக இருப்பதால் மற்றப் பாதி கொஞ்சம் பிடித்தது. கைப்பிறேக்கையும் இழுத்து, வீதியோரத்துப் பனிக்குவியலில் முட்டித்தான் நின்றேன். அந்தக் கார் சேஃப்ரி சேர்ட்டிபிகேற்றோடு வந்த கார்! அந்தத் தாள் 36 நாளுக்குத்தான் செல்லும். அதுவும் பரிசோதித்த அன்றைய நிலையை மட்டுமே சொல்லும்.

காரைக் காலையில், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது பாருங்கள். போனதும் பொனற்றில் கை வையுங்கள். சூடாயிருந்தால், நீங்கள் வருமுன் ஸ்ரார்ட் பண்ணி வைத்திருக்கிறார் என்று அர்த்தம், ஏன் என்று கேளுங்கள். பற்றரியில் எழுதியிருக்கும் குளிர் ஸ்ரார்ட் அளவு -18 பாகையில் எடுத்தது. வயதான பற்றரிக்கு அந்த எண் வெறும் எழுத்து. எஞ்சின் சூடானதும் ஹீற்றரைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். இனிப்பு மணத்தோடு கண்ணாடியில் பிசுக்குப் படிந்தால் ஹீற்றர் கோர் ஒழுகுகிறது. அதை மாற்ற டாஷ்போட்டையே கழற்ற வேண்டிவரும்.

சின்னக் கார் பனிக்கு ஆகாது என்பார்கள். நான்கு சில்லும் இழுக்கிற பெரிய கார் புறப்படும்போது கெட்டிக்காரன்தான், நிற்கும்போது எல்லாம் ரயர் கையில். முன்சில்லு இழுக்கிற சின்னக் காரில் எஞ்சின் பாரம் இழுக்கிற சில்லின்மேலேயே இருக்கிறது. ஒடுங்கிய ரயர் பனியை வெட்டி வீதியைத் தேடிப் பிடிக்கும். (பனி வாருகிற வாகனம் வீட்டு வாசலில் குவித்துவிட்டுப் போகிற மதிலுக்கு எந்தக் காரும் சரிவராது, அதற்குச் சவள்தான்.) 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகிவிடும். ஆகவே மலைக்குள் பனித்துகள் முத்திரை உள்ள குளிர்கால ரயரையும் கார் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 15 அங்குலம் என்றால் விலையும் குறைவு. கியூபெக்கில் மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை குளிர்கால ரயர் சட்டம். இங்கே சட்டமில்லை, காப்புறுதியில் கழிவு உண்டு. விற்கிறவர் ரயரும் சேர்த்துத் தருகிறேன் என்றால் பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கத்தை வாசியுங்கள்: 3614 என்றால் 2014இன் 36ஆம் வாரம் செய்தது. அது இனாமே ஆனாலும் வேண்டாம்.

அன்றைக்கு ஸ்காபரோவில், பின்சில்லுக்கு முன்னால் தட்டியபோது சத்தமே வரவில்லை. ஸ்க்ரூட்ரைவரைத் திருப்பி நுனியால் மெல்ல ஊன்றினேன். பிடிவரை உள்ளே போய்விட்டது. துருத்தூள் என் முகத்தில் கொட்டியது.

"என்ன அண்ணை, சரியோ?" என்று மேலிருந்து, கார் பார்க்க என்னைக் கூட்டிவந்த தம்பியின் குரல்.

"நீயும் கீழை வா, தம்பி."

வந்து படுத்துப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

இரண்டு கிழமை கழித்து, வேறொரு காரின் ஏழு படம் அனுப்பியிருந்தான். ஏழும் அடிப்பக்கம், கார் என்ன நிறம் என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.