ஊதாதே அம்மா, இழு!

தமிழ்நாட்டில் ஊதுகிறவர்கள் மூன்று வகை. நாதஸ்வரம் ஊதுகிறவர்கள், டீக்கடை ஓரத்தில் நின்று சிகரெட் ஊதுகிறவர்கள், அடுப்பு ஊதுகிறவர்கள். முதல் வகைக்குச் சன்மானம் உண்டு. இரண்டாம் வகைக்கு அட்டைப் பெட்டியிலேயே படம் போட்டு எச்சரிக்கை உண்டு. மூன்றாம் வகைக்கு இரண்டும் கிடையாது. 'காப்பி ஏன் லேட்டு?' என்ற கேள்வி மட்டும் உண்டு.

என் அம்மா மூன்றாம் வகை.

மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டு வயசில் ஊதாங்குழலைக் கையில் பிடித்தவள், வீட்டுக்கு கேஸ் வரும் வரை முப்பத்தைந்து வருஷம் அதைக் கீழே வைக்கவில்லை. சுள்ளி, சோளத்தட்டை, வறட்டி, மழைக்காலத்தில் நனைந்த தென்னை மட்டை. சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. ஓட்டுக்கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. கேஸ் வந்த பிறகும் வெந்நீர் போட, நெல் அவிக்க விறகுதான். "கேஸைப் போய் வெந்நீருக்கு எரிப்பாங்களாடா?" என்பாள்.

இப்போது அம்மா சென்னையில் என்னோடு இருக்கிறாள். இரண்டாவது மாடி. முப்பத்தாறு படிகள். லிஃப்ட் இல்லை. வந்த புதிதில் தினம் இறங்கிப் போய்க் காய் வாங்கி வருவாள். திடீரென்று நிறுத்தினாள். "இங்க காய் நல்லாயில்லடா." அடுத்து கோயில் நின்றது. "சாமியை எங்க இருந்தும் கும்பிடலாம்." அதற்கடுத்து கீழ்வீட்டு மாமியோடு அரட்டை நின்றது. "அவ ரொம்பப் பேசறா."

ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம். 'மூச்சு வாங்குது' என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. இந்த வியாதியின் குணமே அதுதான் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். மூச்சு போதாமல் போகப் போக, மனுஷன் தன் நடமாட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, 'வயசாச்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறான்.

ஒரு கல்யாணத்தில் குட்டு உடைந்தது. மண்டபம் மாடியில். கீழே கெட்டிமேளம் கேட்டு அவசரமாக ஏறிய அம்மா, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சு வரவில்லை. உதடு வெளுத்துவிட்டது. மறுநாளே நெஞ்சக நோய் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

அங்கே ஸ்பைரோமெட்ரி என்று ஒரு டெஸ்ட். ஒரு குழாயை வாயில் வைத்து, இருக்கிற காற்றை எல்லாம் ஒரே மூச்சில் வெளியே தள்ள வேண்டும். டெஸ்ட் எடுத்த பெண், "ஊதுங்கம்மா... ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க!" என்று கபடி மாட்ச் போல உற்சாகப்படுத்தினார். ஒரு மருந்து கொடுத்து, கால் மணி கழித்து மறுபடியும் ஊதச் சொன்னார். தள்ளிய மொத்தக் காற்றில் முதல் வினாடியிலேயே 70 சதவீதமாவது வெளியே வந்துவிட வேண்டும். மருந்துக்குப் பிறகும் அம்மாவுக்கு வந்தது 52.

டாக்டர் சீட்டில் 'சி.ஓ.பி.டி.' என்று எழுதினார். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். "டவுன் பஸ் மாதிரி வெச்சுக்குங்க. இறங்க வேண்டியவன் இறங்கினாத்தானே ஏற வேண்டியவன் ஏற முடியும்? இவங்களுக்கு உள்ளே போன காத்து இறங்க மாட்டேங்குது" என்றார். காரணம் புகை. சிகரெட்டாக இருந்தாலும் சரி, வறட்டியாக இருந்தாலும் சரி, நுரையீரல் பிராண்ட் பார்ப்பதில்லை.

செய்தி சொந்தபந்தங்களுக்குப் பரவியது. "அது பீடி குடிக்கிறவங்களுக்கு வர்றதாச்சே!" என்று பெரியப்பா ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் தினம் ஒன்றரைக் கட்டு. அவருக்கு ஒன்றும் இல்லையாம். டெஸ்ட் எடுத்தால்தானே இருக்கும்!

மருந்தாக வந்தது ஒரு இன்ஹேலர். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் சாதனம். கூடவே கேப்ஸ்யூல்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. கேப்ஸ்யூலைக் குழியில் வைத்து, பொத்தானை அமுக்கினால் ஊசி அதைத் துளைக்கும். வாயில் வைத்து வேகமாக இழுத்தால் கேப்ஸ்யூல் 'கிர்ர்' என்று சுழன்று, பொடி நேராக நுரையீரலுக்குப் போகும். மருந்துக் கடைக்காரர் டப்பாவைக் கவரில் போட்டுக் கொடுத்தார். எப்படி உபயோகிப்பது என்பதைக் கவரில் போடவில்லை.

அம்மா வாங்கினாள், வாயில் வைத்தாள். 'ஃபூ' என்று ஓர் ஊது!

முப்பத்தைந்து வருஷப் பயிற்சி சும்மாவா? பொடி முழுவதும் என் மூக்குக் கண்ணாடியில்.

"ஊதாதேம்மா, இழு."

"முந்தாநாள் அந்தப் பொண்ணு ஊது ஊதுன்னுச்சு. இன்னிக்கு நீ ஊதாதேங்கறே. முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கிட்டு வாங்க!"

நியாயமான கேள்வி. திரும்ப டாக்டரிடமே போனோம். அவர் சிரிக்கவில்லை. "பாதிப் பேர் இப்படித்தான். ஒரு பெரியவர் ஒரு மாசம் கேப்ஸ்யூலைத் தண்ணி விட்டு முழுங்கிட்டு, மருந்து கேக்கலைன்னு வந்தார்" என்றார். பிறகு பொறுமையாகப் பாடம் எடுத்தார். நிமிர்ந்து உட்கார வேண்டும். முதலில் இன்ஹேலரைத் தள்ளிப் பிடித்து மூச்சை வெளியே விட வேண்டும். அதற்குள்ளேயே விட்டால் மூச்சின் ஈரத்தில் பொடி கட்டியாகிவிடும். உதட்டை இறுக்கி மூடி, வேகமாக, ஆழமாக ஓர் இழுப்பு. பிறகு பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். கேப்ஸ்யூலில் பொடி மிச்சம் இருந்தால் இன்னொரு இழுப்பு.

"எல்லா இன்ஹேலருக்கும் இதே முறை இல்லை. ஸ்ப்ரே மாதிரி அடிக்கிறதுன்னா நேர்மாறு, மெதுவா இழுக்கணும். உங்க கையில இருக்கிறது எதுன்னு பார்த்துக்குங்க" என்றார்.

அந்தக் கேப்ஸ்யூலுக்குள் இரண்டு மருந்துகள் கூட்டணி வைத்திருக்கின்றன. ஃபார்மோடிரால் 12 மைக்ரோகிராம், கிளைக்கோபைரோனியம் 25 மைக்ரோகிராம். முதலாவது, மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திக் கதவைத் திறக்கிறது. இரண்டாவது, 'சாத்து' என்று நரம்பு அனுப்பும் உத்தரவை வாசலிலேயே மடக்குகிறது. ஒருவர் திறக்க, ஒருவர் காவல் காக்க. நம் ஊரில் இவ்வளவு ஒழுங்காக நடக்கும் கூட்டணி வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இதில் மெட்ராஸுக்கு ஒரு பூர்வ ஜென்ம பந்தம் உண்டு. மூச்சிரைப்புக்கு ஊமத்தையைப் புகைப்பது இந்தியாவில் பழைய வைத்தியம். மெட்ராஸில் இருந்த பிரிட்டிஷ் டாக்டர் ஆண்டர்சன் இதைக் கண்டு வியந்து சிபாரிசு செய்ய, 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி அதை பிரிட்டனுக்குக் கொண்டு போனார். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் குடும்பம் செய்கிற அதே வேலையைத்தான், பக்குவமாக, பாதுகாப்பாக, கிளைக்கோபைரோனியம் செய்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் கொல்லைப்புற ஊமத்தையைத் தேடிப் போக வேண்டாம். அது விஷம். ஆளையே முடித்துவிடும்.

விஷயம் அத்தைக்கு எட்டியது. அத்தை மாத்திரைக் கட்சி. "இன்ஹேலரா? ஐயையோ! அது பழகிட்டா விட முடியாதே!"

நான் கணக்குச் சொன்னேன். அத்தை மூச்சிரைப்புக்குப் போடும் சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஓர் அமுக்கு 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரை நாற்பது அமுக்குக்குச் சமம். மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, ஊரெல்லாம் சுற்றி நுரையீரலுக்கு வர வேண்டும். இன்ஹேலர் நேராக வீட்டு வாசலில் இறங்குகிறது. "பழகிடும்னு சொல்றீங்களே அத்தை, முப்பது வருஷமா கண்ணாடி போடறீங்க. அதுக்கு அடிமையா?" அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பேச்சை மாற்றினாள்.

அம்மாவின் பிரச்னை வேறு. பத்து நாள் ஒழுங்காக இழுத்தாள். கொஞ்சம் தேவலை ஆனதும் கேப்ஸ்யூலை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தாள். "இன்னிக்கு நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வீணா?" எண்ணெயை ஸ்பூனில் அளந்து குடும்பம் நடத்தியவளுக்கு இது இயல்பு. டாக்டர்தான் வழிக்குக் கொண்டுவந்தார். "அம்மா, இது ஃபயர் எஞ்சின் இல்லே, வாட்ச்மேன். திருடன் வராத நாள்லயும் வாட்ச்மேன் வரணும். திடீர்னு மூச்சு முட்டினா அதுக்கு வேற இன்ஹேலர் குடுத்திருக்கேன். அதுக்கும் அடங்கலைன்னா உடனே ஆஸ்பத்திரி."

வாய் உலரலாம், கை லேசாக நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம் என்றும் சொன்னார். கண்ணில் நீரழுத்தம் இருப்பவர்கள், ப்ராஸ்டேட் தொந்தரவால் சிறுநீர் போகச் சிரமப்படும் பெரியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. அம்மா இழுப்பாள். என் ஆறு வயசு மகள் எதிரே உட்கார்ந்து பத்து எண்ணுவாள். ஏழுக்குப் பிறகு சில நாள் ஒன்பதுக்குத் தாவிவிடுவாள். பாட்டிக்கு ஒரு வினாடி லாபம். ஆரம்பத்தில் ஐந்திலேயே கையைத் தூக்கிய அம்மா, இப்போது பத்தையும் அடக்கிவிட்டு, "எட்டை எங்கடி காணோம்?" என்று கேட்கிறாள்.

வியாதி போய்விட்டதா? போகாது. கெட்டுப்போன நுரையீரலைப் புதுசாக்கும் மருந்து இது இல்லை. இருக்கிற மூச்சை முழுசாகச் செலவழிக்க விடும் மருந்து. முப்பத்தாறு படிக்கு முன்பு ஐந்து இடத்தில் நின்றாள், இப்போது இரண்டு இடத்தில். வாரத்தில் மூன்று நாள் கோயில். சென்னைக் காய்கறியின் தரமும் திடீரென்று உயர்ந்துவிட்டது. கீழ்வீட்டு மாமியும் முன்போல ரொம்பப் பேசுவதில்லையாம்! கொசுவத்திச் சுருளை மட்டும் வீட்டை விட்டுத் துரத்திவிட்டோம்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் நான் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால், பெஞ்சில் பக்கத்து அம்மாளுக்கு என் அம்மா வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். "அடுப்புன்னு நெனச்சு ஊதிடாதீங்க. பாயசம் உறிஞ்சற மாதிரி இழுங்க." டாக்டர் கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

உங்களில் பல பேருக்கு அம்மா ஊரில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவீர்கள். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியை இந்த வாரம் விட்டுவிடுங்கள். "கடைசியா எப்பம்மா கோயிலுக்குப் போனே?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல காரணமாக ஏதாவது சொன்னால், லீவு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.