மலைமேல் இருந்து காட்டூர்

காட்டூரில் நின்று துவாக்குடி பஸ் ஏறினால் திருவெறும்பூர் மலைக்கோயில் வரும். எதிர்ப்பக்கம் நின்று சத்திரம் பஸ் ஏறினால் மலைக்கோட்டை. இரண்டுக்கும் நடுவில், தஞ்சாவூர் ரோட்டை ஒட்டிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. இங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. காலேஜில் யாராவது "திருச்சில என்னடி இருக்கு?" என்று கேட்டால் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், கல்லணை என்று ஒப்பிப்பேன். நான் கடைசியாக உச்சிப்பிள்ளையார் படி ஏறியது ஏழாம் வகுப்பில், ஸ்கூல் டூரில்.

போன தை மாதம் வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கினோம். அப்பாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவர். குத்தவைத்து உட்கார்ந்தே வேலை பார்த்த முட்டி. எனக்கு வேலை சென்னையில். மேடவாக்கத்தில் லிஃப்ட் இருக்கிற வீடாகப் பார்த்தாயிற்று. முடிவெடுத்தது நான்தான். அப்பா "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அந்தச் "சரிம்மா"வைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

கிளம்புவதற்குள் ஒரு நாள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்றதும் நான்தான். அம்மா சிரித்தாள். "சொந்த ஊரை யாராச்சும் கார் வச்சு சுத்திப் பாப்பாங்களா?"

முதலில் மலைக்கோயில். அறுபதடி உயரம்தான். எறும்பாக உருமாறி ஏறிய தேவர்களுக்கு வழுக்கக் கூடாதென்று சிவன் புற்றாகிச் சாய்ந்து கொடுத்தார் என்பது கதை. புற்றுமண் லிங்கம், அதனால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. சோழர் காலக் கற்றளி. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக்காக அடித்துக்கொண்டபோது இந்தக் கோயிலும் கோட்டையாகப் பயன்பட்டது. அப்பா தினமும் போகையில் ஒரு தடவை, வருகையில் ஒரு தடவை பஸ் ஜன்னல் வழியாக இதைக் கும்பிட்டவர். மேலே வந்தது மொத்தமே மூன்று தடவையோ நாலு தடவையோ. "ஷிஃப்ட்டுக்கு லேட்டாயிரும்னு சாமிக்குத் தெரியும்மா" என்றார். அன்றும் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் அம்மாதான் வழிகாட்டி. பிறந்தது பக்கத்தில் திருவானைக்காவலில். ராஜகோபுரம் 236 அடி, 13 நிலை என்று நான் ஆரம்பித்ததுமே மறித்தாள். 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. அதுவரைக்கும் அது மொட்டைக் கோபுரம். விஜயநகர காலத்தில் ஆரம்பித்து நின்றுபோன அடிப்பகுதி மட்டும் நானூறு வருஷமாக அப்படியே நின்றிருக்கிறது. "இப்பவும் கண்ண மூடினா எனக்கு மொட்டைக் கோபுரந்தாண்டி வருது." ஊர் முழுக்க அண்ணாந்து பார்க்கிற ஒன்று அவளுக்கு நேற்று வந்த கட்டடம். உள்ளே கூட்டம். சீக்கிரம் வந்துவிட்டோம்.

மதியம் நத்தர்வலி தர்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். ஆற்காட்டு நவாப் பதவிக்கு ஆசைப்பட்டு, 1752இல் ஸ்ரீரங்கத்தில் மாட்டிக் கொல்லப்பட்ட சந்தா சாகிப் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். அப்பா அதையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

மலைக்கோட்டைக்கு வந்தபோது மணி நாலரை. மாணிக்க விநாயகர் சன்னதியில் தேங்காய் உடைத்துவிட்டு அம்மா கீழேயே இருந்துகொண்டாள். "உங்கப்பா ஏற மாட்டார், பாரு" என்றாள். ஏறினார். பத்துப் படி, ஒரு நிற்றல். கைப்பிடிக் கம்பி, ஒரு மூச்சு. தாயுமானவர் சன்னதி தாண்டி, உச்சிக்குப் போகிற வழியில் மகேந்திரவர்மனின் குடைவரை இருக்கிறது. கம்பிக் கதவு பூட்டியிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நீ போயிட்டு வாம்மா, நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

எனக்கு அவரைத் தனியாக விட மனசில்லை. கம்பி வழியாக உள்ளே பார்த்தோம். கங்காதரர். சடையின் ஒரு புரியைப் பிடித்துக் கங்கையை வாங்கிக்கொள்கிறார். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம். பக்கத்துத் தூண்களில் சமஸ்கிருதக் கல்வெட்டு. 1890இல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் அதைப் பதிப்பித்திருக்கிறார். ராத்திரி போனில் படித்து வைத்திருந்ததை அப்பாவுக்குச் சொன்னேன்.

தரையில் இருக்கிற கோயிலில் நின்றுகொண்டு சோழர்களின் செழிப்பையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்டாராம். அதனால் ராஜா இந்த மலைமேல் இடம் செய்து கொடுத்தானாம். இன்னொரு பாட்டு இதைவிட வேடிக்கை. சிவனுக்கு ஆறுகள் என்றால் ஆசை. ஏற்கெனவே தலையில் ஒன்று. காவிரியின் அழகில் மயங்கிவிடுவாரோ என்று பயந்துதான் பார்வதி அப்பா வீட்டை விட்டு இந்த மலையிலேயே குடியிருக்கிறாளாம். "அவ பல்லவனுக்கு வேண்டியவ" என்று காவிரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

சோழ நாட்டைக் கையில் வைத்திருந்த பல்லவன், அதை ரசிக்கச் சாமியையே மேலே ஏற்றி உட்காரவைத்ததில் அரசியல் உண்டு. படிக்கும்போது அதுதான் எனக்கு முதலில் பட்டது. அப்பாவுக்குப் பட்டது வேறு.

"சாமியே கேட்டுச்சா, எனக்கு ஊர் தெரியணும்னு?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கம்பியைப் பிடித்து எழுந்தார். "கைய குடு."

உச்சிக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. எல்லோரும் வடக்கே நின்று காவிரியையும் ராஜகோபுரத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்தப் பக்கம் போகவேயில்லை. தென்கிழக்கு மூலையில் போய் நின்றார். "பொன்மலை தெரியுதா? அதுக்கு இடது கைப்பக்கம் வா. தஞ்சாவூர் லைன் போகும் பாரு, அது கூடவே போ. அங்கதான் நம்ம வீடு."

எனக்குக் கட்டடங்கள்தான் தெரிந்தன. தண்ணீர்த் தொட்டிகள், மரங்கள், அதற்கு மேல் புகைமூட்டம். ஆனாலும் தலையாட்டினேன். அவர் விடவில்லை. விரலை நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். தொண்ணூத்தி அஞ்சில் மனை வாங்கியபோது சுத்தி ஒரே கருவேலங்காடு, அம்மா அழுதாள், தெருவில் முதல் லைட்டுக் கம்பம் நம்ம வீட்டு வாசலில்தான் வந்தது. எல்லாம் நான் கேட்ட கதைகள்தான். ஆனால் ஒரு இடத்தைக் காட்டிக்கொண்டே அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"இங்கேருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்றார்.

"ம்."

"அட்வான்ஸ் மட்டுந்தானேம்மா வாங்கியிருக்கோம்."

விரலை இன்னும் மடக்கவில்லை. பத்திரம் போட இன்னும் பதினொரு நாள் இருந்தது. போன் அடித்தது. அம்மாதான். இருட்டப்போகிறது, அப்பாவை மெதுவாக இறக்கிக் கூட்டிக்கொண்டு வா என்றாள். "இதோ" என்றேன். அப்புறமும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றோம்.