ஒரு பண்ணை வீடும் உறுதியில் இல்லாத பெயர்களும்

டென்மார்க்கில் இருக்கும் எங்கட ஆட்களில் கரன் பிலிக்சனின் புத்தகத்தை வாசித்தவர்கள் குறைவு. ஆனால் அவரின் முகத்தைப் பார்க்காதவர் இல்லை. 2009இல் புதிய தாள்கள் வரும்வரை 50 குரோனர் தாளில் இருந்தது அவர்தான். நைரோபிக்குப் பக்கத்தில் தனக்கிருந்த கோப்பிப் பண்ணையைப் பற்றி 1937இல் அவர் எழுதிய புத்தகம் டெனிஷ் மொழியில் 'ஆபிரிக்கப் பண்ணை' என்ற பெயரில் வந்தது. அந்தப் பண்ணை வீடு இன்னும் நிற்கிறது. அது கைமாறிய கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கட்டியவர் ஒரு சுவீடன்காரர், பொறியியலாளர் ஓகே ஷேகிரென். ஆண்டு 1912. சாம்பல் நிறக் கல்லுச் சுவர், ஓட்டுக்கூரை, ங்கோங் மலையைப் பார்த்த வராந்தா. ம்போகானி என்று பெயர். காட்டுக்குள் இருக்கும் வீடு என்று அர்த்தமாம். 1917இல் கரனும் கணவர் புரோரும் இதை வாங்கினார்கள். பணம் போட்டது கரனின் குடும்பம். 6,000 ஏக்கர் காணியில் 600 ஏக்கரில் கோப்பி நட்டார்கள்.

இடம் 6,000 அடிக்கு மேலே. கோப்பிக்கு அது கொஞ்சம் கூடிய உயரம். மழையும் ஒழுங்காக இல்லை. 1923இல் கோப்பி பதப்படுத்தும் ஆலை எரிந்தது. 1925இல் மணமுறிவு. 1931இல் எல்லாவற்றையும் விற்றுவிட்டு கரன் டென்மார்க்குக்குத் திரும்பினார். வாங்கியவர்களுக்குக் கோப்பி தேவையில்லை. காணியைத் துண்டு போட்டு வீட்டு மனைகளாக விற்றார்கள். நைரோபியின் வசதியான புறநகர் ஒன்றுக்கு இன்றைக்கும் 'கரன்' என்றுதான் பெயர்.

1935இல் வீடு லொயிட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் கைக்குப் போனது. பிறகும் கைமாறி, 1964இல் டெனிஷ் அரசாங்கம் அதை வாங்கி, சுதந்திரம் பெற்ற கென்யாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. கொஞ்சக் காலம் அங்கே கல்லூரி நடந்தது. 1985இல் மெரில் ஸ்ட்ரீப் நடித்த படம் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே வீடு அருங்காட்சியகமானது.

சுவீடன்காரர், டெனிஷ்காரர், ஆங்கிலேயர், அரசாங்கம். உரிமையாளர் பட்டியல் இவ்வளவுதான். உறுதிப் பத்திரத்தை வைத்து எழுதினால் கதை இங்கே முடிந்துவிடும்.

ஆனால் 1912இல் அந்த நிலம் வெறுமையாக இருக்கவில்லை. கிக்குயு மக்கள் பயிர் செய்த, மசாய் மக்கள் மாடு மேய்த்த பகுதி அது. ஆபிரிக்கர்கள் குடியிருந்த காணியையும் 1915இல் வந்த சட்டம் முடிக்குரிய காணியாக்கியது. வெள்ளையருக்கு 999 வருடக் குத்தகை. ஆபிரிக்கருக்கு உறுதி இல்லை. பண்ணைக்குள் ஏறக்குறைய 1,000 ஏக்கரில் கிக்குயு குடும்பங்கள் தோட்டம் செய்துகொண்டிருந்தன. பிறந்த மண்ணில் இருப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை உழைப்பு. 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு 180 நாள் பண்ணைக்காரருக்கு வேலை செய்ய வேண்டும். தலைமுறையாக உழைத்தும் காணி எழுதப்படாத எங்கள் மலையக மக்களின் நினைவு வராமல் போகாது.

பண்ணை விற்கப்பட்டதும் இந்தக் குடும்பங்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். காசு சேர்த்துக் காணி வாங்கலாம் என்றால் அதற்கும் சட்டம் விடாது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: எங்கே அனுப்பினாலும் எங்களைப் பிரிக்காமல் அனுப்புங்கள். ஊர் கலைந்து போனால் தாங்கள் யார் என்று சொல்ல ஆள் இருக்காது என்பது அவர்களின் பயம். 1995இல் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் கிளம்பிய சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு ஒழுங்கைக்காரர் இன்று நாலு நாட்டில் இருக்கிறோம்.

கரன் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். கடைசியில் டகொரெட்டிக் காட்டின் ஒரு பகுதியில் அவர்கள் எல்லோரும் ஒன்றாகக் குடியேற அரசாங்கம் ஒத்துக்கொண்டது. அவரும் காலனியக்காரிதான். அவர்களின் உழைப்பில் வாழ்ந்தவர்தான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் கையில் காசில்லாமல் புறப்படப்போகும் நேரத்தில், தன் தளபாடங்களை விற்றுக்கொண்டே அவர் இதைச் செய்தார். அந்தப் பண்ணையில் அவர் செய்ததிலேயே உருப்படியானது இதுதான் என்பேன். கோப்பி மிஞ்சவில்லை. அந்தச் சனம் பிரியாமல் போனது.

நைரோபிப் பக்கம் போகிறவர்கள் அந்த வீட்டைக் கட்டாயம் பாருங்கள். வராந்தாவில் நின்று மலையைப் படம் எடுங்கள். வெளிக்கிட முன்னம் வழிகாட்டியிடம் டகொரெட்டி எந்தப் பக்கம் என்றும் ஒருக்கால் கேளுங்கள்.