பெயரில் காடு, பேச்சில் பாரசீகம்

ஜவ்வாது மலையின் வடசரிவில் பெய்யும் மழை ஓடை ஓடையாக இறங்கிப் பாலாற்றில் சேர்கிறது. ஆற்றின் போக்கிலேயே கிழக்கே போனால் தென்கரையில் ஆற்காடு. இன்றைக்குப் பிரியாணிக்கும் மக்கன் பேடாவுக்கும் பேர்போன சிறிய ஊர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அது நவாப்புகளின் தலைநகர், பாரசீகம் பேசிய ஊர். சந்தையில் தமிழும் தெலுங்கும் தக்காணத்து உருதுவும் கலந்து கேட்டாலும், தர்பாரில் எழுதிய கடிதமும் கணக்கும் கவிதையும் பாரசீகத்தில்தான். நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்ப வரலாறான ‘துசுக்-இ-வாலாஜாஹி’ அந்த மொழியில் எழுதப்பட்டதே. அதை ஆங்கிலமாக்கியவர் முகம்மது ஹுசைன் நயினார். 1930களில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

இத்தனை பாரசீகம் புழங்கிய ஊரின் பெயரில் மட்டும் ஒரு துளிப் பாரசீகமும் இல்லை. ஆறு முனிவர்கள் ஆறு காடுகளில் தவம் செய்ததால் ஆற்காடு என்பது கோயில்காரர்கள் சொல்லும் கதை. ஆற்றங்கரைக் காடு என்பாரும் உண்டு. ஆர் என்றால் ஆத்தி. சோழர் சூடிய பூ. ஆத்திக் காடுதான் ஆர்க்காடு என்பது மூன்றாவது வழக்கு. நற்றிணையிலும் ஓர் ஆர்க்காடு வருகிறது. அது காவிரிப் பக்கத்து ஊர் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். எது சரியானாலும் காடு மட்டும் மூன்றிலும் நிற்கிறது.

நவாப்புகள் பெயர் வைக்கத் தயங்கியவர்கள் அல்லர். ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் வாலாஜாபேட்டை. செஞ்சியில் தேசிங்கு ராஜா மாண்டபின் உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் நினைவாக நவாப் சாதத்துல்லா கான் எழுப்பியது ராணிப்பேட்டை என்பார்கள். அக்கம்பக்கமெல்லாம் பெயர் சூட்டியவர்கள் தாங்கள் உட்கார்ந்திருந்த ஊரின் பழைய பெயரை ஏன் விட்டுவைத்தார்கள்?

எனக்குத் தோன்றுவது இது: அந்த ஊருக்கு நிலைத்த பெயரை அவர்கள் கொடுக்கவில்லை, ஊர்தான் அவர்களுக்குக் கொடுத்தது. ஆற்காட்டு நவாப் என்றால்தான் உலகம் அறியும். ஊர்ப்பெயரை மாற்றினால் தன் பெயரும் போய்விடுமே! முகம்மது அலி 1768இல் சென்னை சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறினார். தர்பாரும் பாரசீகமும் அவரோடு கிளம்பிவிட்டன. ஆற்காட்டின் பெயரை மட்டும் விட முடியவில்லை. கடைசி நவாப் 1855இல் இறந்தபின், 1867இல் விக்டோரியா அரசி அவர் சிற்றப்பாவுக்குக் கொடுத்த பட்டம் ‘அமீர்-இ-ஆற்காடு’. பாரசீகப் பட்டத்தின் வாலில் தமிழ்நாட்டுக் காடு. சென்னை அமீர் மகாலில் அந்தப் பட்டம் இன்றும் வாழ்கிறது.

மலைக்குத் திரும்புவோம். இங்கே எந்த தர்பாரும் கூடாரம் அடிக்கவில்லை. ஜமுனாமரத்தூர், பலாமரத்தூர், நெல்லிவாசல், புங்கம்பட்டு என்று மரத்தைக் காட்டித்தான் ஊரைச் சொல்கிறார்கள். ஊர்கள் சேர்ந்தால் நாடு: புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் ஏழு பேர் வெள்ளம் புரண்ட பாலாற்றைக் கடந்து, ஊர் திரும்ப முடியாமல் போய், வேடர் பெண்களை மணந்து இந்த மலையேறினார்கள் என்பது மலையாளி மக்களைப் பற்றிய பழங்கதை. மலையை ஆள்வதால் மலையாளி. கேரளத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

தர்பார் ஏறாத இந்த மலையில் பாரசீகம் வேறு வழியில் ஏறிவிட்டது. ஜமுனாமரத்தூர் தாலுகா அலுவலகத்தின் முன் பெரியவர் ஒருவர் மனுவோடு நின்றிருந்தார். மகன் பெயருக்குப் பட்டா மாற வேண்டுமாம். “ஜமாபந்தியில கலெக்டராண்ட குடுத்தா ஆவும்னு சொன்னாங்க. தாசில்தார் கையெழுத்துப் போடணும் சார்” என்றார். மேலே தொங்கிய துணியில் ‘வருவாய்த் தீர்வாயம்’ என்று எழுதியிருந்தது. தாசில்தாரை அரசு வட்டாட்சியராக்கி எத்தனையோ காலமாகிறது. பெரியவரின் பேச்சில் இரண்டுமே வரவில்லை. பாக்கி, வசூல், ஜப்தி, ரசீது, நகல், வாரிசு என்று அந்த வாசலில் காதில் விழுந்தவையெல்லாம், அரபியில் பிறந்தவை உட்பட, பாரசீகக் கச்சேரிகள் வழியாக வந்து சேர்ந்தவை.

கணக்கு எழுதும் ஆண்டுகூட அப்படித்தான். தமிழக வருவாய்த்துறையின் ஆண்டு பசலி. ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிவது. அக்பர் காலத்தில், அறுவடையை ஒட்டி வரி கேட்பதற்காக ஏற்பட்ட கணக்கு அது. 2025 ஜூலையில் பிறந்தது 1435ஆம் பசலி. மலைச்சரிவில் விதைத்த சாமையை அடங்கல் என்ற தமிழ்ப் பேரேட்டில், முகலாய ஆண்டின்கீழ் பதிகிறார்கள். விதைத்தவர் இதில் எதையும் அந்நியமாக நினைப்பதில்லை.

ஆற்காட்டின் பெயரும் ஒருகாலத்தில் மலையேறியது. வட ஆற்காடு ஜில்லாவில்தான் ஜவ்வாது மலை இருந்தது. 1989இல் ஜில்லா பிரிந்தபோது திருவண்ணாமலை தனியாகப் போயிற்று. பிறகு மிச்சப் பகுதி வேலூர் மாவட்டமாகி, ஆற்காடு என்ற சொல்லே மாவட்டப் பெயரிலிருந்து உதிர்ந்தது. இப்போது மலை திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஆற்காடோ 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு வட்டம். நவாப் தன் தலைநகருக்கு அக்கரையில் கட்டிய பேட்டைக்கு அடங்கிய ஊராகிவிட்டது தலைநகர்.

மாவட்டத்தின் பெயரை ஓர் அரசாணை மாற்றிவிடும். ஜமாபந்தியை எத்தனை அரசாணை வந்தும் பெரியவரின் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. பலாமரத்தூரை மாற்ற யாருக்கும் தோன்றவே இல்லை. அந்த மனு பட்டாவாகும் வரை அவருக்கு ஜமாபந்தி வேண்டும். பலாமரத்தூருக்குப் போகிற பஸ்ஸைக் கேட்க அந்தப் பெயர் வேண்டும். தினமும் வேலைக்கு வேண்டியிருக்கிற சொல் எந்த நாட்டிலிருந்து வந்தால்தான் என்ன, அதற்கு ஆயுசு கெட்டி.