கடைசி ஒன்பது அவுட்

2014-ல் கான்சாஸ் சிட்டியில் என்னை டெவலப்மென்ட் டீமிலிருந்து தூக்கி, ராத்திரி ஷிஃப்ட் சப்போர்ட்டில் போட்டார்கள். காரணம் சொல்லவில்லை. ஆபீஸில் காரணம் சொல்லாமல் மாற்றினால், காரணம் நாம்தான் என்று அர்த்தம்.

ஊருக்குப் போன் செய்து சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்போ வாட்ச்மேன் மாதிரியாடா?"

கிட்டத்தட்ட அதுதான். பகலில் மற்றவர்கள் எழுதிய புரோகிராம் ராத்திரி படுத்துக்கொண்டால் தட்டி எழுப்புகிற உத்தியோகம்.

பக்கத்து சீட்டில் ஓர் அமெரிக்கப் பெரியவர். இருபது வருஷமாக ராத்திரி ஷிஃப்ட். தலையில் எப்போதும் ராயல்ஸ் டீமின் நீலத் தொப்பி. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதே. நீ இப்போ புல்பென்" என்றார். புல் என்றால் காளை, பென் என்றால் பட்டி. மனுஷன் நம்மை மாட்டுக் கொட்டகையில் கட்டுகிறாரே என்று கோபம் வந்தது.

பிறகுதான் விளக்கினார். பேஸ்பாலில் ஆட்டத்தை ஆரம்பிக்கிற பிட்சர் நூறு பந்து வீசினால் கை துவண்டுவிடும். எதிர் டீம் பேட்ஸ்மேன்களும் அவரை இரண்டு, மூன்று தடவை பார்த்துப் பழகிவிடுவார்கள். அப்போது அவரை எடுத்துவிட்டு வேறு ஆளைக் கொண்டுவர வேண்டும். அந்த மாற்று ஆட்கள் உட்கார்ந்து, கையைச் சூடு பண்ணிக்கொள்கிற இடம்தான் புல்பென். அந்தக் கூட்டத்துக்கும் அதே பெயர்.

"கிரிக்கெட்டிலும் உண்டே சார், கடைசி ஓவருக்கு ஆள் வைத்திருப்போம்" என்றேன் அலட்சியமாக.

"உங்கள் ஆட்டத்தில் பந்துவீசியவர் நடுவில் ஓய்வெடுத்துத் திரும்பி வரலாம். இங்கே வெளியே போனால் போனதுதான். அன்றைக்குத் திரும்ப முடியாது."

அந்த ஒரு விதிதான் சார், விஷயமே! எப்போது எடுப்பது, யாரிடம் பந்தைக் கொடுப்பது என்று மேனேஜர் செய்கிற முடிவுக்கு அப்பீல் கிடையாது.

1985-ல் சாம்பியன் ஆன ராயல்ஸ், அதன் பிறகு 29 வருஷம் பிளேஆஃப் பக்கமே எட்டிப் பார்க்காத டீம். 2014-ல் அதைக் கரை சேர்த்ததில் பெரிய பங்கு மூன்று பேருக்கு. ஏழாவது இன்னிங்ஸ் கெல்வின் ஹெரேரா, எட்டாவது வேட் டேவிஸ், ஒன்பதாவது கிரெக் ஹாலண்ட். கடைசி ஒன்பது அவுட் இவர்கள் குத்தகை. ஆறு இன்னிங்ஸ் முடிந்து ராயல்ஸ் முன்னால் இருந்தால், எதிர் டீம் ரசிகர்கள் பஸ் பிடிக்கக் கிளம்பலாம்.

இதில் டேவிஸின் கதை எனக்கு உறைத்தது. 2013-ல் அவர் ஸ்டார்ட்டர். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.32 ரன் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். மறு வருஷம் புல்பென்னில் போட்டார்கள். சராசரி 1.00! அந்த சீசனில் ஒரு ஹோம் ரன்கூடக் கொடுக்கவில்லை. அதே கை, அதே ஆள். வேலைதான் வேறு.

இதைக் கேட்டு நான் திருந்திவிட்டேன் என்றால் பொய். உள்ளுக்குள் நான் இன்னும் ஸ்டார்ட்டர்தான்.

2015 கோடையில் ஒரு ராத்திரி, பெரியவர் லீவு. ஒரு மணிக்கு சம்பளப் பட்டுவாடா புரோகிராம் பாதியில் நின்றது. விடிந்தால் முந்நூறு பேருக்கு வங்கியில் பணம் போயாக வேண்டும். 'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு' என்று அவர் ஒட்டிவிட்டுப் போன நம்பர் கண் எதிரே இருக்கிறது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! இரண்டாச்சு, மூன்றாச்சு. நான் கை வைக்க வைக்கச் சிக்கல் பெருத்தது. ஐந்து மணிக்கு வேறு வழியில்லாமல் போன் செய்தேன். தொப்பியோடு வந்தார். இருபது நிமிஷத்தில் சரி பண்ணினார். ஆனால் வங்கிக்கு அனுப்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. முந்நூறு பேருக்கும் சம்பளம் ஒரு நாள் தாமதம். அதில் எத்தனை பேருக்கு அன்றைக்கு வாடகை நாளோ!

அவர் திட்டவில்லை. "ஒரு மணிக்கே ஏன் கூப்பிடலை?" என்று மட்டும் கேட்டார். பதில் இரண்டு பேருக்குமே தெரியும்.

பெரிய ஆட்களும் இதே தப்பைப் பண்ணியிருக்கிறார்கள். 2003-ல் பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில், நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 5-2 என்று முன்னால் இருந்தும், களைத்துப்போன பெட்ரோ மார்டினெஸை எட்டாவது இன்னிங்ஸில் எடுக்கவில்லை. ஆட்டம் சமனாகி, கடைசியில் தோல்வி. 2016-ல் பால்டிமோர் மேனேஜர் பக் ஷோவால்டர், அந்த சீசனில் 47 வாய்ப்பில் 47-லும் வெற்றியைக் காப்பாற்றிக் கொடுத்த ஸாக் பிரிட்டனைப் புல்பென்னிலேயே உட்காரவைத்து, டொராண்டோவிடம் பதினோராவது இன்னிங்ஸில் தோற்றார். பெட்டியில் பூட்டிவைத்த நகை கல்யாணத்துக்கு உதவவில்லை.

162 ஆட்டம் கொண்ட சீசனில் ஒரு நாள் சொதப்பினால் மறுநாள் ஈடு கட்டலாம். அக்டோபரில் அந்தச் சலுகை இல்லை. 2015 பிளேஆஃபில் ஹூஸ்டன் 6-2 என்று முன்னால். இன்னும் ஆறு அவுட் எடுத்தால் ராயல்ஸ் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஹூஸ்டன் புல்பென் எட்டாவது இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்தது. ராயல்ஸ் 9-6!

அதே அக்டோபர் 23-ம் தேதி ராத்திரி, டொராண்டோவுடன் ஆறாவது ஆட்டம். ஆபீஸ் டி.வி. முன்னால் நானும் பெரியவரும். ஹாலண்டுக்கு முழங்கை காயம். கடைசி இன்னிங்ஸும் இப்போது டேவிஸ் தலையில். எட்டாவது இன்னிங்ஸ் நடுவிலேயே வந்து முடித்துக் கொடுத்தார். உடனே மழை! 45 நிமிஷம் ஆட்டம் நின்றது. சூடு ஆறிய கையோடு ஒன்பதாவதுக்குத் திரும்பினார். 4-3. யாரும் அவுட் ஆகவில்லை, மூன்றாம் பேஸில் ஒருத்தர், முதல் பேஸில் ஒருத்தர். பெரியவர் தொப்பியைக் கடிக்க ஆரம்பித்தார். இரண்டு பேர் ஸ்ட்ரைக் அவுட். மூன்றாவது டொனால்ட்சன், தரையோடு அடித்து அவுட். அலறினோம். அந்த வருஷம் ராயல்ஸ் மெட்ஸையும் ஜெயித்து சாம்பியன். கடைசிப் பந்து வீசியதும் டேவிஸ்தான்.

அப்படியானால் புல்பென் மட்டும் போதுமா? போதாது. 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸின் புல்பென் படு மோசம். ஸ்டார்ட்டர்களையே நடுவில் இறக்கிச் சமாளித்துக் கோப்பையை வாங்கினார்கள். ஆக, உட்காரும் இடம் முக்கியமில்லை. நெருக்கடியில் பந்தை யாரிடம் கொடுப்பது என்று தெரிவதும், கொடுக்க மனசு வருவதும்தான் முக்கியம்.

இப்போது நான் ஒரு சின்ன டீமுக்குத் தலைவன். பெரியவர் ரிட்டயர் ஆகிவிட்டார். சுவரில் ஒரே ஒரு விதிதான் ஒட்டியிருக்கிறேன்: 'ஒரு மணி நேரம் முட்டிப் பார். முடியாவிட்டால் கூப்பிடு.' கீழே என் நம்பர்.

போன வாரம் ராத்திரி இரண்டரைக்குப் புதுப் பையன் கூப்பிட்டான். "ஸாரி சார், தூக்கத்தைக் கெடுத்துட்டேன்."

"எத்தனை மணிக்கு நின்னுது?"

"ஒண்ணரைக்கு சார்."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன்.