கண்ணாடிக்குள் ஒரு தூண்டில்

எங்கள் வீட்டுச் செபமேடைக்கு அருகிலுள்ள அலமாரியில், உள்ளங்கையில் அடங்கும் கட்டியொன்று இருக்கிறது. பளிங்குபோல் தெளிந்த அதனுள்ளே, இப்பொழுதுதான் பறந்துவந்து அமர்ந்ததுபோல் ஒரு சிறு பூச்சி. வீட்டிற்கு வருவோர், "இதை எங்கே பிடித்தீர்கள்?" என்று வியந்து வினவுவர். அது உண்மையில் இறகு கட்டிய தூண்டில்முள். அதைச் சூழ்ந்திருப்பது ரெசின் எனப்படும் பிசின். அது இவ்வடிவம் பெற்ற கதையில் எங்களுக்குப் பெருமை தருவது சிறிதே. நாணச் செய்வது பெரிது. ஆயினும் பிற குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்றெண்ணி எழுதுகின்றோம்.

எங்கள் தந்தையார் பொன்மலை இரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். உடன் உழைத்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவரிடம், மண்புழு இல்லாமல் மீன்பிடிக்கும் கலையைக் கற்றிருந்தார். முள்ளைச் சிறு இடுக்கியில் இறுக்கி, மெழுகு தடவிய பட்டு நூலை அதன்மேல் சுற்றி, சேவலின் கழுத்திறகை விசிறிபோல் வளைத்துக் கட்டுவார். நீர்மேல் விழுந்த ஈ என்றெண்ணி மீன் அதைக் கவ்வும். ஆங்கிலேயர் இதனை 'ஃபிளை' என்பர். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே, மாசிடோனிய மக்கள் செந்நிறக் கம்பளி நூலையும் சேவல் இறகுகளையும் முள்ளில் கட்டி மீன்பிடித்ததை ஏலியானுஸ் என்னும் உரோமை எழுத்தாளர் குறித்து வைத்துள்ளார். நம் நாட்டு ஆறுகளில் தூண்டிலிடுவது பற்றி, சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் ஒரு நூலே எழுதினார். தந்தையார் இந்நூல்களை அறியார். அவர் அறிந்தது கொள்ளிடக் கரையும் தவக்காலத்து வெள்ளிக்கிழமையுமே. வியாழன் மாலையில் ஆற்றுக்குப் போவார். மறுநாள் வீட்டில் மீன்குழம்பு மணக்கும். மீன்பையைச் சுமக்கும் உரிமைக்காக எங்களுக்கும் தம்பிக்கும் வழிநெடுகப் போட்டி நடக்கும்.

அவர் இறைவனடி சேர்ந்தபின் வந்தது பாகப்பிரிவினை. வீட்டின் பொருட்டு எழுந்த வாக்குவாதம் முற்றி, தம்பி திருவரங்கத்தில் குடியேறினான். மூன்றாண்டுகள் பேச்சில்லை, கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டுகூடக் காவிரியைக் கடக்கவில்லை. தந்தையார் கட்டிய ஏழு தூண்டில்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் எங்களிடமே தங்கிவிட்டன. அவற்றுள் மூன்று தம்பிக்கு உரியவை என்று தந்தையாரே சொல்லியிருந்தார்.

ஒருநாள் டப்பாவைத் திறந்தபோது அந்துப்பூச்சி இறகுகளை அரிக்கத் தொடங்கியிருந்தது. ரெசினில் பதித்துவிட்டால் பூச்சியும் ஈரமும் அணுகா என்று மகன் கூறி, இரண்டு புட்டிகளை வாங்கி வந்தான். ஒன்றில் பிசின், மற்றொன்றில் அதை இறுகச் செய்யும் திரவம். இரண்டும் கலந்ததும் தாமாகவே வெப்பம் உண்டாகும். எவ்வளவு மிகுதியாக ஒரே முறையில் ஊற்றுகிறோமோ அவ்வளவு மிகுதியாகச் சூடேறும். இவ்வெச்சரிக்கை உறையில் அச்சிடப்பட்டிருந்தது; நாங்கள் படிக்கவில்லை. சித்திரை வெயிலில், அச்சு நிறைய ஒரே மூச்சில் ஊற்றினோம். சற்று நேரத்தில் அது கையால் தொடவியலாதவாறு கொதித்து, மஞ்சளித்து, நடுவே வெடித்தது.

அன்பு வாசகர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். அவ்வாறு சோதித்துப் பார்க்க நாங்கள் எடுத்தது எங்கள் பங்கிலிருந்து அன்று. தம்பியின் மூன்றில் ஒன்றை. எடுத்தபோது அது எங்களுக்கு உறுத்தவுமில்லை.

சில நாள்களுக்குப்பின் குடும்பச் செபத்தில் மத்தேயு நற்செய்தியின் 17-ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. நற்செய்தி நூல்களில் வலைகள் பலமுறை வருகின்றன. தூண்டில் வருவது அங்கு மட்டுமே. கப்பர்நாகூமில் ஆலய வரி கேட்கப்பட்டபோது, ஆண்டவர் புனித பேதுருவைத் தூண்டிலுடன் கடலுக்கு அனுப்புகிறார். முதலில் அகப்படும் மீனின் வாயிலுள்ள நாணயத்தை, தமக்கும் அவருக்குமாகச் செலுத்தச் சொல்கிறார். ஒரு தூண்டில், ஒரே காசு, இருவருக்கும் அதுவே பங்கு. செபம் முடிந்தும் நெடுநேரம் எவரும் எழவில்லை.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், டப்பாவையும் வெடித்த கட்டியையும் எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்தோம். கதவைத் திறந்த தம்பி சற்றுத் திகைத்து, "அண்ணே, அண்ணி, உள்ளே வாங்க" என்றான். நடந்ததை நடந்தவாறே சொன்னோம். அவன் கட்டியை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "முடிச்சு அவிழலியே அண்ணே. அப்பா போட்ட முடிச்சு அப்படியே இருக்கு" என்றான். அவன் குரல் தழுதழுத்தது. வீட்டைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை. பின்னொரு நாள் பேசினோம், அமைதியாக.

எஞ்சிய ஆறில் ஐந்தை இரு குடும்பத்தாரும் சேர்ந்தே பதித்தோம். இம்முறை உறையிலுள்ளதைத் தம்பி உரக்கப் படித்தான். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், அளவு பிசகாமல் மெல்லக் கலக்கினோம். இறகிழைகளுக்கிடையே காற்று தங்கிக் குமிழாகும் என்பதால், முதலில் தூரிகையால் இறகுக்குப் பிசினைப் பூசினோம். பின்னர் மெல்லிய அடுக்கொன்றை ஊற்றி, அது கெட்டிப்பட்டபின் தூண்டிலை வைத்து, மேலும் அடுக்கடுக்காக ஊற்றி, தூசி படாமல் மூடி வைத்தோம். பொறுமையே இக்கலையின் பாதி.

ஆறாவதைப் பதிக்கவில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்த ஒரு மாலையில், பிள்ளைகளை அழைத்துச் சென்று அதை வீசினோம். விரலளவுச் சிறுமீன் ஒன்று கவ்வியது, விட்டுவிட்டோம். அன்றும் பையைச் சுமக்கப் பிள்ளைகளுக்குள் போட்டி!

வெடித்த கட்டியைத் தம்பி எவருக்கும் தர மறுத்துத் தன் வீட்டிலேயே வைத்துள்ளான். எங்கள் அலமாரியில் இருப்பது நல்லது. ஆயினும் வெயில் பட்டால் அதுவும் காலப்போக்கில் மஞ்சளிக்கும். ரெசின் இறகைக் காக்கும். உறவை நாம்தான் காக்க வேண்டும். முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் திருவரங்கத்தைச் சுற்றிக்கொண்டு, கல்லணை அருகே மீண்டும் நெருங்கி வருகின்றன. உடன்பிறந்தோர் நெருங்கிவர அத்தனை தொலைவு காத்திருக்க வேண்டுவதில்லை.